ஒரு சாண் குறைந்த வாசல்

மீன்கூடு வாசலில் சிக்கிக்கொண்டது. பாதி வீட்டுக்குள், பாதி வீதியில்.

ஒக்தாவ் பின்னால் நகர்ந்து நின்று அதைப் பார்த்தார். மூங்கிலைப் பிளந்து சீவிய பத்தைகளால் அறுகோணக் கண்ணி வைத்துப் பின்னிய கூடு. கொய்யாக் கம்புகளால் சட்டம். கட்டியது முழுக்கக் காட்டுக்கொடி. ஆணியும் கிடையாது, கம்பியும் கிடையாது. நிமிர்த்தி வைத்தால் உயரம் அவர் மார்புக்கு வரும். ஆழ்கடலில் இறக்குகிற கூடு அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ஆழ்கடலுக்குப் போகும் முன் அது வாசலைத் தாண்ட வேண்டும்.

கோயிலில் முதல் மணி அடித்தது.

"சேசுவே" என்றார் ஒக்தாவ்.

அன்று மீனவர்களின் புனிதரான இராயப்பரின் திருநாள். திருப்பலி முடிந்ததும் ஃபாதர் கடற்கரைக்கு இறங்கி வருவார். படகு, வலை, கூடு என்று வரிசையாக வைத்திருப்பவற்றைத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். இன்று தவறினால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம்வரை ஒக்தாவால் காத்திருக்க முடியாது. மனைவி எர்மீன் கண்ணை மூடுவதற்கு முன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வர்ற இராயப்பர் திருநாளுக்குப் புதுசா ஒரு கூடு செய்யுங்க. மந்திரிச்சு, என் பேரைச் சொல்லிக் கடல்ல எறக்குங்க. செய்வீங்களா?"

"செய்றேன்" என்று சொல்லியிருந்தார். நாற்பது வருட வாழ்க்கையில் அவள் கேட்டதை எத்தனையோ தடவை மறந்தவர். இதை மறக்க முடியாது.

ஆன்ஸ் லுமியேர் ஊரில் யாரும் வீட்டுக்குள் உட்கார்ந்து கூடு செய்ய மாட்டார்கள். கடற்கரையில் பாதாம் மரத்தடிதான் அதற்கு இடம். மூங்கில் பிளக்கிற சத்தம் கேட்டால் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு வரிசை பின்னிக்கொடுத்துவிட்டு எழுந்து போவார்கள். கையைவிட வாய்தான் அங்கே அதிகம் வேலை செய்யும். பெரிய வேலை என்றால் சங்கை எடுத்து ஊதினால் போதும், ஊரே கைகொடுக்க வந்துவிடும். வந்தவர்களுக்கு ஒரு வாய் சூப்பு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எர்மீன் போனபின் ஒக்தாவால் பாதாம் மரத்தடியில் உட்கார முடியவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் தோளில் கை வைத்தார்கள். எல்லாரும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அதனால் தேய்பிறையில் மூங்கில் வெட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்குள் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டார்.

மழைக்காலம் முழுவதும் அந்த ஒற்றை அறையில் பிளந்தார், சீவினார், பின்னினார். சீவிய பத்தைகளைக் கட்டிலில் எர்மீன் படுக்கிற பக்கத்தில் அடுக்கி வைத்தார். அந்த இடத்தைக் காலியாகப் பார்ப்பதைவிட அது பரவாயில்லை என்று தோன்றியது. கூடு வளர வளர மேசையை ஓரத்தில் தள்ளினார். பிறகு நாற்காலியைத் தள்ளினார். கடைசியில் கூட்டைச் சுற்றிச் சுவரோடு ஒட்டி நடந்து போய்க் கஞ்சி காய்ச்சினார்.

இது அவருக்குப் புதிதில்லை. பல வருடங்களுக்கு முன் அவருடைய தாயார் இறந்தபோதும் இப்படித்தான் பழைய வீட்டுக்குள் அடைந்து கிடந்து ஒரு கூடு செய்தார். முடித்ததும் யாரையும் கூப்பிடாமல், தானே தலையில் தூக்கி, வாசல் வழியாக வெளியே கொண்டுபோனார். "ஒரு மனுஷன் சாகாமலே அடக்கமாகலாம்னு உங்களைப் பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்று எர்மீன் அப்போது சொன்னாள்.

அதே அளவுக் கம்பு, அதே கூடு. வீடுதான் வேறு. பழைய வீட்டைப் பெரும்புயல் கொண்டுபோய்விட்டது. இந்தப் புது வீட்டைக் கட்டியவர் எர்மீனின் அண்ணன் அல்சீட். ஊரின் ஒரே தச்சர். அப்போதே எர்மீனுக்கு உடம்பு முடியவில்லை. வீட்டுக்கு எதிரே தெரியும் அந்தப் பாதாம் மரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுத்தபடி அண்ணனின் வேலையை மேற்பார்வை பார்த்தாள். ஒக்தாவ் அந்த நாளெல்லாம் மருந்துக்கும் மீனுக்குமாக அலைந்தார். வாசலை அவர் கவனிக்கவில்லை.

கவனித்தது அவளை அடக்கம் செய்யக் கொண்டுபோன அன்றைக்குத்தான். பெட்டியைத் தூக்கியவர்கள் வாசலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லா வீட்டு வாசலையும்விட அது ஒரு சாண் குறுகலாக இருந்தது. ஒக்தாவ் அத்தனை பேர் முன்னாலும் மச்சானைப் பார்த்துக் கத்தினார்.

"சொந்தத் தங்கச்சி வீட்டிலயே பலகை மிச்சம் பிடிச்சியா, கஞ்சப் பயலே!"

அல்சீட் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். "எனக்குச் சொன்ன அளவு அதுதான்" என்று மட்டும் சொன்னார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

கோபம் நமக்கு நன்றாக நினைவிருக்கும். அது எதனால் வந்தது என்பதுதான் மறந்துபோகும். ஒக்தாவும் கோபத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அளவை மறந்துவிட்டார்.

இப்போது அளவு வாசலில் நின்றது.

கதவைக் கழற்றினால் ஒரு விரல் இடம் கிடைக்குமே என்று காலையிலேயே கதவைக் கழற்றியிருந்தார். கிடைத்த அந்த ஒரு விரலை நம்பித்தான் கூடு பாதிவரை போய்ச் சிக்கியது. கதவு இருந்திருந்தால் அது உள்ளேயே நின்றிருக்கும். பின்னால் இழுத்துப் பார்த்தார். பத்தைகளின் நுனிகள் நிலையில் முள்ளாகக் குத்திக்கொண்டன. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. வீட்டுக்கு வேறு வாசலும் கிடையாது. இருந்த ஒரு ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது.

'மூங்கில் தண்ணீர் பட்டால் வளையும்' என்று நினைத்தார். நாற்பது வருடமாகப் பத்தைகளை ஊறவைத்து வளைத்தவர். குடத்துத் தண்ணீரைக் கூட்டின்மேல் ஊற்றினார். மூங்கில் வளையத்தான் செய்தது. ஆனால் கொய்யாச் சட்டமும், கொடியும், அல்சீட் போட்ட மரநிலையும் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பின. முன்பு சிக்கியிருந்த கூடு இப்போது வேர்விட்டது.

'வழுக்கினால் போகும்' என்று நினைத்தார். தேங்காயெண்ணெயை எடுத்து நிலை முழுவதும் தடவினார். தோளைக் கொடுத்து மூச்சைப் பிடித்துத் தள்ளினார். கூடு வழுக்கவில்லை. ஒக்தாவ் வழுக்கினார்.

எண்ணெய்த் தரையில் உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தபோது அலமாரியில் சங்கு தெரிந்தது. எர்மீனின் சங்கு. ஊரைக் கூப்பிட எப்போதும் அவள்தான் அதை ஊதுவாள். அவள் போனபின் அதை யாரும் தொடவில்லை. ஒக்தாவ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கத்தியால் இரண்டு பத்தையை வெட்டினால் தீர்ந்தது. ஆனால் கடைசி முடிச்சுப் போட்ட கூட்டில், மந்திரிக்கும்முன் கத்தி படக்கூடாது. பட்டால் அதில் மீன் ஏறாது என்பது ஊர் வழக்கம். எர்மீன் பெயருக்கு இறக்கும் கூட்டில் அந்தப் பழி வேண்டாம்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கூட்டின் வாய் அறைப் பக்கம் இருந்தது. மீனை வெளியே எடுக்கிற சின்னக் கதவு வீதிப் பக்கம் இருந்தது. வாய் வழியாக உள்ளே புகுந்து, அந்தக் கதவு வழியாக வெளியே போய், வெளியிலிருந்து இழுத்தால்?

வேறு காலமாக இருந்தால் அந்த வாயில் அவருடைய ஒரு தொடைகூட நுழைந்திருக்காது. எர்மீன் போனபின் கஞ்சியிலேயே உடம்பு பாதியாகியிருந்தது. தலை போனது, தோள் போனது, இடுப்பும் போனது. உள்ளே குந்தி உட்கார்ந்தார். பின்னால் சரக்கென்று ஒரு சத்தம். வாயின் உள்பக்கம் கூராக விட்டிருந்த பத்தை நுனிகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. அதற்காகத்தானே அப்படிப் பின்னுவது!

சின்னக் கதவைத் தள்ளினார். அசையவில்லை. அதன் முடிச்சு வெளிப்பக்கம். தண்ணீரில் ஊறி இறுகிப்போயிருந்தது. விரலை விட்டுப் பார்த்தார். எட்டவில்லை.

கூட்டுக்குள் ஒரு வெள்ளைப் பீங்கான் துண்டு தொங்கியது. எர்மீன் சாப்பிட்ட தட்டின் துண்டு. ஆழத்தில் அது மினுங்குவதைப் பார்த்து, என்னவென்று அறிய மீன்கள் வரும். ஒக்தாவ் அதற்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வீதி காலியாக இருந்தது. 'இதுதான் நம்ம லட்சணம்' என்று நினைத்தார். 'உள்ளே இருந்தாலும் தனி, வெளியே வந்தாலும் தனி.'

முதலில் வந்தவள் தித்தின். பொரித்த ரொட்டிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருநாள் வியாபாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள், நின்றாள்.

"யாரது உள்ள?"

"நான்தான்."

"ஒக்தாவ் அண்ணனா? உள்ள என்ன பண்றீங்க?"

"சரிபாக்கிறேன்."

"எதை?"

"உள்ள போனா வெளிய வர முடியுமான்னு."

"முடியுமா?"

"முடியல."

தித்தின் கூடையை இறக்கி வைத்தாள். சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியதில் அவள் தோள் மட்டும் குலுங்கியது. குனிந்து அவர் முகத்தைப் பார்த்தவள் அதையும் நிறுத்திக்கொண்டாள்.

"கன்னம் ஒட்டிப்போச்சே, அண்ணே. கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"கஞ்சி குடிச்சேன்."

"கஞ்சி சாப்பாடா? இந்தாங்க." கண்ணி வழியாக ரொட்டியை நுழைக்கப் பார்த்தாள். முழுசாகப் போகவில்லை. பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தாள். "சங்கு ஊதியிருந்தா ஊரே வந்திருக்குமே. எர்மீன் அக்கா சங்கு வீட்டிலதானே இருக்கு?"

"அது அவ வாய் வச்சது" என்றார் ஒக்தாவ்.

தித்தின் அடுத்த ரொட்டியைப் பிய்த்தாள். பிறகு எழுந்து, வீதியின் நடுவே நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, சங்கு தோற்கும்படி ஒரு குரல் கொடுத்தாள்.

"கைகொடுக்க வாங்கோ! ஒக்தாவ் அண்ணன் கூட்டில மாட்டிக்கிட்டாரு!"

"கடைசிப் பாதியைச் சொல்லாம இருந்திருக்கலாம்" என்று முனகினார் ஒக்தாவ்.

கோயிலுக்குப் புறப்பட்ட கூட்டம் அப்படியே இங்கே திரும்பியது. முன்னால் வந்தவன் படகுக்காரன் லூசியன். கூட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தான்.

"நல்ல பெரிய மீனா விழுந்திருக்கு" என்றான். "ஆனா எலும்புதான் ஜாஸ்தி. வித்தா யாரும் வாங்க மாட்டாங்க."

"வாயை மூடு, லூசியன்" என்றாள் தித்தின்.

"சொல்றதைக் கேளு. செதிலையும் காணோம். திரும்பக் கடல்ல விட்டுடலாமா?"

"உன் கூட்டில இதுவரைக்கும் என்ன விழுந்திருக்கு, லூசியன்?" என்றார் ஒக்தாவ் உள்ளிருந்து. "ஒரு பழைய செருப்பு. அதுவும் உன்னோடது."

எல்லாரும் சிரித்தார்கள். ஒக்தாவுக்கே வியப்பாக இருந்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து கிண்டல் வருகிறது!

முடிச்சை அவிழ்க்க ஆளாளுக்கு முயன்றார்கள். ஒக்தாவ் போட்ட முடிச்சை ஒக்தாவால்தான் அவிழ்க்க முடியும் என்று கண்டுபிடித்தார்கள். லூசியன் கத்தியை எடுத்தான்.

"கத்தி படக்கூடாது!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. லூசியன் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, "அப்ப எல்லாரும் பிடிங்க, இழுப்போம்" என்றான்.

இழுத்தார்கள். கூடு அசையவில்லை. வீடு அசைந்தது. கூரைத் தகரம் ஒன்று கிளம்பியது. உள்ளே சுவரிலிருந்து மாதா படம் விழுந்தது.

"விடுங்க, விடுங்க! வீடும் சேந்து வருது!" என்று கத்தினாள் தித்தின்.

கோயிலில் இரண்டாம் மணி அடித்தது. யாரும் நகரவில்லை. சற்று நேரத்தில் ஃபாதரே பூசை உடுப்போடு இறங்கி வந்தார்.

"அங்க நானும் உபதேசியாரும் இராயப்பர் சொரூபமும் மட்டும்தான் இருக்கோம்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "இராயப்பரும் கடல் பக்கமே பாத்துக்கிட்டிருக்காரு. என்ன நடக்குது இங்க?"

சொன்னார்கள். ஃபாதர் கூட்டின் பக்கத்தில் குனிந்தார். அவருடைய உடுப்பில் தேங்காயெண்ணெய் பட்டது.

"ஒக்தாவ், நிலையைக் கழற்றணும். அதுக்குத் தச்சர் வேணும்."

"வேற ஊர்ல ஆள் கிடைக்கும், ஃபாதர்."

"வேற ஊருக்கு ஆள் போய்த் திரும்புறதுக்குள்ள திருநாள் முடிஞ்சிடும். எர்மீனுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்னு நீயே எங்கிட்ட சொன்னே."

ஒக்தாவ் பீங்கான் துண்டைப் பார்த்தார். "அந்த ஆளை நான் கூப்பிட மாட்டேன், ஃபாதர். அவ கடைசியாப் போன வாசல்ல அவளை இடிக்க வச்சவன்."

"கூப்பிட வேண்டாம்" என்றார் ஃபாதர் மெதுவாக. "மச்சான்னு ஒரு தடவை சொல்லு. சும்மா சொல்லிப் பாரு. வாயிலிருந்து நல்ல வார்த்தை வெளிய வர எந்த வாசலும் குறுகல் இல்ல."

ஒரு மனிதன் எவ்வளவு நாள் தன் கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான்?

"மச்சான்" என்றார். கண்ணிக்கு வெளியே வராத அளவு சின்னக் குரலில்.

"வந்துட்டேன்" என்று ஒரு குரல் உடனே பதில் சொன்னது.

அல்சீட் பாதாம் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தார். கோயிலுக்குப் போகிற கறுப்புக் கோட்டு. சவரம் செய்த முகம். கையில் சுத்தியலும் கடப்பாரையும்.

"பூசைக்கு யாராவது கடப்பாரை கொண்டு வருவாங்களா?" என்றான் லூசியன்.

அல்சீட் கோட்டைக் கழற்றித் தித்தினிடம் கொடுத்தார். நிலையைத் தடவிப் பார்த்து, எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பக்கப் பலகையில் மேலே ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. மூன்று மரமுளைகள் கழன்று விழுந்தன. கடப்பாரையின் நுனியைக் கொடுத்து லேசாக நெம்பினார். பலகை முழுசாகக் கையோடு வந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"ஆணியே அடிக்கலையா நீங்க?" என்றாள் தித்தின் ஆச்சரியமாக.

பலகை இருந்த இடத்தில் இப்போது நல்ல அகலமான வாசல் இருந்தது. கூடு ஒரு பெருமூச்சு விட்டதுபோல் தளர்ந்து வெளியே சரிந்தது, ஒக்தாவோடு.

"இப்ப முடிச்சு?" என்றான் லூசியன்.

"மந்திரிக்காம வெட்டக்கூடாதுல்ல?" என்றார் ஃபாதர். "அப்ப அப்படியே தூக்குங்க. பூசையை இன்னைக்குக் கடற்கரையிலயே வச்சுக்கலாம். உபதேசியாரே, இராயப்பரையும் கொண்டு வாங்க. அவருக்கும் போரடிக்கும்."

தூக்கினார்கள். ஒரு கம்பை அல்சீட் பிடித்தார், இன்னொன்றை லூசியன். மற்றக் கம்புகளுக்கு ஊரே போட்டி போட்டது. எதிரே வந்தவர்கள் எல்லாரும் குனிந்து, "எப்படி இருக்கீங்க, ஒக்தாவ்?" என்று கேட்டார்கள். இத்தனை மாதமாகப் பதில் இல்லாதிருந்த அந்தக் கேள்விக்கு இன்று பதில் சுலபமாக இருந்தது.

"பாத்தா தெரியலையா? மாட்டிக்கிட்டு இருக்கேன்."

ஃபாதர் படகுகளை மந்திரித்தார். வலைகளை மந்திரித்தார். கூட்டின் முன் நின்று ஒரு கணம் தயங்கினார்.

"ஆண்டவரே, இந்தக் கூட்டையும், இதற்குள் இருப்பதையும் ஆசீர்வதியும்" என்று தண்ணீர் தெளித்தார். ஒக்தாவ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தீர்த்தம்தான் என்று எல்லாரும் வைத்துக்கொண்டார்கள்.

பிறகு லூசியன் கொடியை வெட்டினான். ஒக்தாவ் தவழ்ந்து வெளியே வந்து, புதுக்கொடியால் கதவைக் கட்டினார். கல்லை ஏற்றினார்கள். லூசியனின் படகில் கூட்டை வைத்துக்கொண்டு பாறைக்கு அப்பால் போனார்கள். ஒக்தாவ் எர்மீன் பெயரைச் சொன்னார். கூடு நீலத்துக்குள் இறங்கியது. வெள்ளைத் துண்டு கடைசிவரை மினுங்கிக்கொண்டே போனது.

கைகொடுத்தவர்களுக்குச் சூப்பு தர வேண்டுமே! அன்று மதியம் ஒக்தாவின் வீட்டில் கால்வைக்க இடமில்லை. அவரிடம் இருந்தது ஒரே தட்டு. அதனால் ஆளுக்கொரு தட்டு வீட்டிலிருந்து கொண்டு வந்தார்கள். கட்டிலில் மூங்கில் பத்தைகள் இருந்த இடத்தில் நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சூப்பில் உப்பு இல்லை என்று லூசியன் சொன்னான். சொல்லிவிட்டு மூன்றாம் தடவை கிண்ணத்தை நீட்டினான்.

எல்லாரும் போனபின் அல்சீட் மட்டும் வாசலில் நின்றார். சுவரோரம் சாய்த்திருந்த பலகையைக் கையில் எடுத்தார்.

"இதைத் திரும்பப் போடட்டுமா, மச்சான்?"

"அகலமாவே இருக்கட்டும்" என்றார் ஒக்தாவ். கொஞ்சம் தயங்கினார். "அன்னைக்கு அத்தனை பேர் முன்னால உன்னைக் கஞ்சன்னு சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதே. ஆனா ஒண்ணு கேக்கணும். ஒரு பலகையைக் கூடுதலாப் போட்டு ஒரு சாணை அடைச்சியே, அதுல உனக்கு என்ன மிச்சம்?"

அல்சீட் பலகையின் குறுக்கே விரல்களை விரித்து வைத்துப் பார்த்தார். அவருடைய பெரிய கைக்கு அந்த அளவு கொஞ்சம் குறைவாகவே இருந்தது.

"இது என் சாண் இல்ல, மச்சான். எர்மீன் கட்டில்ல படுத்துக்கிட்டே விரிச்சுக் காட்டின சாண். 'இவ்வளவு குறைச்சு வை, அண்ணே. நான் போனப்புறம் அந்த மனுஷன் உள்ள உக்காந்து கூடு பின்னுவாரு, வெளிய எடுக்கவாவது நாலு பேரைக் கூப்பிடட்டும்'னா."